கரண்டியா, கரண்டா?

போன வாரம் ஒரு சாயங்காலம். அம்மா அடுப்படியில் நின்றபடியே கூடத்தில் இருந்த அக்கா மகனைக் கூப்பிட்டார். "கண்ணா, அந்தக் கரண்..." என்று தொடங்கியதுமே தாளிப்பு நெடி ஏறி இருமல் வந்துவிட்டது. பையன் சட்டென்று தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தான். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா இருமி முடித்து, "...டிய எடுத்துட்டு வாடா" என்றார். "கரண்ட் போயிடுச்சோன்னு பார்த்தேன் அம்மாச்சி" என்று வழிந்துகொண்டே எழுந்து போனான்.

அம்மா பேசியது தமிழ். 'கண்ணா' தமிழ், 'அந்த' தமிழ். அடுத்து வருவதும் தமிழாகத்தான் இருக்கும் என்று எண்ண எல்லா நியாயமும் இருந்தது. இருந்தும் பாதிச் சொல் காதில் விழுந்த உடனே அவனுக்கு முந்திக்கொண்டு வந்தது இங்கிலீஷ் வழியாக வந்த சொல். இரண்டு மொழி தெரிந்தவர்கள் ஒரு சொல்லை எப்படி அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று ஆராய்கிறவர்கள் பல வருடங்களாகத் துருவிக்கொண்டிருப்பது இந்த மாதிரி ஒரு கணத்தைத்தான்.

நம்மில் பலர் மனதுக்குள் வைத்திருக்கும் படம் ஒன்று உண்டு. தலைக்குள் இரண்டு அகராதி இருக்கின்றன, ஒன்று தமிழ், ஒன்று ஆங்கிலம். தமிழ் பேசும்போது ஆங்கில அகராதியை மூடி அலமாரியில் வைத்துவிடுகிறோம், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்கிறோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சோதித்துப் பார்த்த இடத்திலெல்லாம் அது நிற்கவில்லை.

முதலில் ஒரே மொழியில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். மளிகைக் கடையில் நின்று "கரு..." என்று ஆரம்பிக்கிறீர்கள் என்று வையுங்கள். கடைக்காரர் காதில் அந்த இரண்டு எழுத்து விழும்போதே கருப்பட்டி, கருவாடு, கருவேப்பிலை, கருணைக்கிழங்கு எல்லாம் அவர் மனதில் வரிசைகட்டி நின்றுவிடும். "கருவே..." என்றதும் கருப்பட்டியும் கருவாடும் கிழங்கும் விலகிவிடும். கருவேலம்பட்டை இன்னும் வரிசையில் இருக்கலாம். ஆனால் அதைக் கேட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்? அடிக்கடி புழங்கும் சொல் முன்னால் நிற்கும், அரிதான சொல் பின்னால் நிற்கும். நீங்கள் "...ப்பிலை" என்று முடிப்பதற்குள் அவர் கை கொத்தை எடுத்திருக்கும்.

அதாவது, சொல் முழுதாக வந்து சேரட்டும் என்று நாம் காத்திருப்பதில்லை. ஒலி வர வர, அதோடு பொருந்தும் சொற்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளர்ந்து எழுகின்றன. அடுத்தடுத்த ஒலிகள் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர, கடைசியில் மிஞ்சுவதுதான் நாம் 'கேட்ட' சொல். வில்லியம் மார்ஸ்லென்-வில்சன் என்ற ஆய்வாளர் 1970, 80களில் இந்தக் கருத்தை வளர்த்தெடுத்தார். எழுத்தைப் படிக்கும்போதும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

சரி, இப்போது நம் கேள்வி. அந்த வரிசையில் தமிழ்ச் சொற்கள் மட்டும்தான் நிற்குமா, ஆங்கிலச் சொற்களும் வந்து இடம் பிடிக்குமா?

கரண்டி கதையை வைத்து 'நிற்கும்' என்று சொன்னால் ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். கரண்ட், பஸ், டிக்கெட் எல்லாம் இப்போது தமிழ்தானே, அம்மாச்சிக்கே அவை தமிழ்தானே என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். அதனால் இரண்டு மொழியும் தெளிவாகத் தனித்தனியாக நிற்கும் இடத்துக்குப் போவோம்.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்பைவி, வியோரிகா மரியன் என்ற இருவர் செய்த சோதனை இது, 1999-ல் வெளியானது. ரஷ்ய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்தவர்களை உட்கார வைத்தார்கள். முன்னால் ஒரு பலகை, அதன்மேல் நாலைந்து சாமான்கள். கண் எங்கே போகிறது என்று பதிவு செய்யும் கருவி தலையில். ரஷ்ய மொழியில் ஒரு கட்டளை வரும்: தபால்தலையைச் சிலுவைக் குறிக்குக் கீழே வை. தபால்தலைக்கு ரஷ்ய மொழியில் 'மார்க்கா'. கட்டளையில் வேற்றுமை சேர்ந்து அது 'மார்க்கு' என்று வரும். பலகையில் தபால்தலையோடு ஒரு மார்க்கர் பேனாவும் இருந்தது. ரஷ்ய மொழியில் அந்தப் பேனாவுக்கு வேறு பெயர், 'மார்க்கர்' என்பது இங்கே ஆங்கிலச் சொல்லாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் 'மார்க்' என்ற ஒலி வந்ததும் அவர்கள் கண் மார்க்கர் பக்கம் ஒரு எட்டு போய்விட்டுத்தான் தபால்தலைக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் இல்லை. ஆனால் பெயரில் ஒற்றுமையே இல்லாத வேறொரு சாமான் அங்கே இருந்தபோது போனதைவிடக் கணிசமாக அதிகம்.

ஆங்கிலத்தில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கை தப்பு செய்யவும் இல்லை, தபால்தலையைத்தான் எடுத்தது. கண் மட்டும் காட்டிக்கொடுத்துவிட்டது. எங்கள் வீட்டுப் பையன் மின்விசிறியைப் பார்த்தது போலத்தான்.

காதுக்கு இப்படி என்றால் கண்ணுக்கு? இங்கே டச்சுக்காரர்களிடம் போக வேண்டும். டச்சும் ஆங்கிலமும் ஒரே எழுத்தில் எழுதப்படுகிறவை, நெருங்கிய சொந்தக்கார மொழிகள். அதனால் ஒரே எழுத்துக்கூட்டல், ஆனால் இரண்டு மொழியிலும் வெவ்வேறு பொருள் என்ற வகைச் சொற்கள் நிறைய. நாம் 'ரூம்' என்று படிக்கும் அதே நான்கு எழுத்தை டச்சுக்காரர் 'ரோம்' என்று படிப்பார்; பொருள், பாலின் க்ரீம். 'ஸ்லிம்' என்றால் டச்சில் புத்திசாலி. ஆங்கிலத்தில் தேவதை என்று பொருள்படும் 'ஏஞ்சல்' டச்சில் தேனீயின் கொடுக்கு. (இந்த மூன்றையும் வைத்து எத்தனை பகடி ஓடியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.)

நெதர்லாந்தின் நைமேகன் நகரத்தில் டோன் டெய்க்ஸ்ட்ராவும் அவரோடு இருந்தவர்களும் 1998-ல் இந்த வகைச் சொற்களை வைத்து ஒரு அருமையான சோதனை செய்தார்கள். முறை எளிது. திரையில் ஒரு எழுத்துக்கோர்வை வரும். அது சொல்லா, சும்மா கட்டிவிட்ட போலிச் சொல்லா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். எவ்வளவு வேகமாக அழுத்துகிறார்கள் என்பதுதான் அளவு.

முதல் சுற்றில் ஆங்கிலச் சொற்கள், போலிகள், நடுநடுவே இந்த இரட்டைப் பொருள் சொற்கள். "இது ஆங்கிலச் சொல்லா?" என்பது கேள்வி. இரட்டைச் சொற்களுக்கும் சாதாரண ஆங்கிலச் சொற்களுக்கும் வேகத்தில் வித்தியாசம் இல்லை. இதோடு நிறுத்தியிருந்தால் 'பார்த்தீர்களா, டச்சு அகராதி மூடித்தான் இருக்கிறது' என்று சொல்லியிருப்பார்கள். அடுத்த சுற்றில் அதே கேள்விதான், ஆனால் இடையிடையே தனி டச்சுச் சொற்களும் வந்தன, அவற்றுக்கு 'இல்லை' என்று அழுத்த வேண்டும். இப்போது இரட்டைச் சொற்களில் எல்லோரும் தடுமாறினார்கள், நேரம் கூடிவிட்டது. டச்சுப் பொருள் 'இல்லை என்று சொல்' என்று பின்னாலிருந்து இழுத்தது. மூன்றாவது சுற்றில் கேள்வியையே மாற்றினார்கள்: ஆங்கிலமோ டச்சோ, எதில் சொல்லாக இருந்தாலும் 'ஆமாம்'. அவ்வளவுதான், அதே இரட்டைச் சொற்களுக்கு இப்போது வேகம் கூடிவிட்டது! இரண்டு பக்கத்திலிருந்தும் 'ஆமாம்' வந்தால் முடிவு சீக்கிரம் வரும்தானே.

அதே ஆட்கள் வகை, அதே சொற்கள், கேட்கிற கேள்வியும் சூழலும்தான் வேறு. ஒரு சுற்றில் பாதிப்பு இல்லை, ஒன்றில் மந்தம், ஒன்றில் வேகம். இந்த மூன்றையும் சேர்த்து விளக்க வேண்டும் என்றால் இரண்டு பொருளும் தலைக்குள் எழுந்துவிடுகின்றன என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. எழுந்ததை வைத்து என்ன செய்வது என்பது அப்புறம் நடக்கும் தனி வேலை.

இதை அடிப்படையாக வைத்து டெய்க்ஸ்ட்ராவும் வால்டர் வான் ஹியூவனும், தலைக்குள் இது எப்படி நடக்கிறது என்று காட்டும் ஒரு மாதிரியை (மாடல்) அமைத்தார்கள். கீழ்த்தட்டில் எழுத்துகள். அதற்கு மேலே சொற்கள், இரண்டு மொழிச் சொற்களும் ஒரே கொட்டகையில், பாகம் பிரிக்காத கூட்டுக்குடும்பம் மாதிரி. எழுத்துகள் எந்தெந்தச் சொல்லோடு பொருந்துகின்றனவோ அத்தனையையும் தட்டி எழுப்பும். மொழி எது என்று கேட்காது. சொற்களுக்கு மேலேதான் 'இது ஆங்கிலம்', 'இது டச்சு' என்று சொல்லும் மொழிக்கணுக்கள். முதலில் வெளியிட்ட வடிவத்தில், ஒரு மொழியின் கணு எழுந்தால் அது மற்ற மொழிச் சொற்களைக் கீழ்நோக்கி அமுக்கும் என்று வைத்திருந்தார்கள். 2002-ல் திருத்தியபோது அந்த அமுக்கலை எடுத்துவிட்டார்கள். மொழிக்கணு வெறும் சீட்டு மட்டும்தான், வாசலில் நிற்கும் காவலாளி இல்லை என்று ஆகிவிட்டது. பணிக்கேற்ப முடிவெடுக்கும் பகுதியைத் தனியாகப் பிரித்து வைத்தார்கள்.

எனக்கு இந்த மொத்த விஷயத்தில் பிடித்தது அந்தத் திருத்தம்தான். ஒரு சொல் எந்த மொழி என்று தெரிந்துகொண்டு அப்புறம் அதைத் தேடுவதில்லை. சொல்லைக் கண்டுபிடித்த பிறகுதான் அதன் மொழி தெரிகிறது. யோசித்துப் பார்த்தால் வேறு எப்படி இருக்க முடியும்? 'மீன்' என்ற ஒலி காதில் விழுகிறது. அது குளத்து மீனா, ஆங்கிலத்தில் 'அர்த்தம்' என்கிற மீனா என்று ஒலியில் எழுதி ஒட்டியா இருக்கிறது?

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். டச்சும் ஆங்கிலமும் ஒரே எழுத்து. தமிழ் எழுத்தைப் பார்த்ததுமே தமிழ் என்று தெரிந்துவிடுமே, நமக்கும் இது பொருந்துமா? எழுத்து வேறானால் படிக்கும்போது வடிவக் குழப்பம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஒலி வழியாக வரும் தொடர்பு அறுவதில்லை. ஜப்பானிய மொழியில் ஆங்கிலத்திலிருந்து வாங்கிய சொற்கள் ஏராளம், எழுதுவதோ தங்கள் எழுத்தில், நாம் 'டிக்கெட்' என்று எழுதுவதைப் போல. ஆங்கிலம் தெரிந்த ஜப்பானியர்களிடம் படங்களைக் காட்டி ஆங்கிலத்தில் பெயர் சொல்லச் சொன்னபோது, இரண்டு மொழியிலும் ஒலி ஒத்துப்போகும் பெயர்கள் வேகமாக வந்தன. இதை நொரிகோ ஹோஷினோவும் ஜூடித் க்ரோலும் 2008-ல் காட்டினார்கள். ஆங்கிலத்தோடு ஒரே எழுத்தில் எழுதும் ஸ்பானிஷ்காரர்களுக்குக் கிடைத்த அதே சலுகை எழுத்து மாறினாலும் கிடைத்தது.

அப்புறம், எழுத்து வேறு என்று நாம் சொல்லிக்கொள்வதும் எத்தனை நாளைக்கு? வாட்ஸ்அப்பில் முக்கால்வாசி பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தானே தட்டுகிறார்கள். குடும்பக் குழுவில் ஒரு நாள் சித்தப்பா போட்ட செய்தியில் பி, ஈ, என் என்று மூன்று எழுத்து. அதற்கு அடுத்து 'பார்க்க வராங்க'. பேனாவைப் பார்க்க யார் வருகிறார்கள் என்று நான் ஒரு நொடி விழித்தேன். பிறகுதான் பெண் பார்க்க வருகிறார்கள் என்று புரிந்தது. டச்சுக்காரருக்கு 'ரூம்' எப்படியோ அப்படி நமக்கு இந்த மூன்று எழுத்து. எம், ஏ, என் என்றால் மனிதனா, மண்ணா? பி, ஏ, எல் என்றால் பல்லா, பாலா, இல்லை ஆங்கிலத் தோழனா? கைப்பேசித் திரை நமக்கும் ஒரு நைமேகன் சோதனைக்கூடம் வைத்துக் கொடுத்திருக்கிறது.

இதுவரை பார்த்ததெல்லாம் வடிவம் ஒத்துப்போகும் சொற்கள். வடிவத்தில் ஒற்றுமையே இல்லாவிட்டாலும் மற்ற மொழி உள்ளே வேலை செய்யுமா? வேல்ஸ் நாட்டின் பாங்கர் பல்கலைக்கழகத்தில் கியோம் தியரியும் யான் ஜிங் வூவும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. சீன மொழிக்காரர்கள் ஆங்கிலச் சொற்களை இரண்டிரண்டாகப் படித்து, பொருளில் தொடர்பு உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். உதாரணமாக ரயில், ஹாம் என்ற பன்றிக்கறி. தொடர்பு கிடையாது. ஆனால் சீனத்தில் ரயிலுக்கு 'ஹுவோச்சே', அந்தக் கறிக்கு 'ஹுவோதுய்'. இரண்டிலும் முதல் எழுத்து ஒன்றே, பொருள் நெருப்பு. திரையில் சீனம் துளியும் இல்லை. பொத்தான் அழுத்தும் வேகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. தலையில் பொருத்திய மின்முனைகளில் மட்டும் வித்தியாசம் தெரிந்தது: சீனத்தில் ஓர் எழுத்து மறைவாக ஒன்றாக இருந்த ஜோடிகளுக்கு மூளையின் மின் அலை வேறு மாதிரி வந்தது. படித்தவர்களுக்கு அப்படி ஒரு ஒற்றுமை ஒளிந்திருப்பதே தெரியாது.

நம் மொழியில் இதற்கு இணை தேடினேன். ஆங்கிலத்தில் 'ட்ரெய்ன்', 'போட்டோ' என்று படித்தால் உள்ளே புகைவண்டியும் புகைப்படமும் புகையைக் கிளப்ப வேண்டும். ஆனால் யார் இப்போது புகைவண்டி என்கிறார்கள்? பாடப்புத்தகத்துக்கு வெளியே ரயில்தான். அன்றாடம் புழங்காத சொல் இந்த வேலைக்கு ஆகாது. கைக்குட்டை, கைக்கடிகாரம் ஜோடி ஓரளவு பரவாயில்லை என்று தோன்றுகிறது.

இதைவிட வியப்பு, காது கேளாதவர்களிடம் கிடைத்தது. அமெரிக்கச் சைகை மொழி பேசி ஆங்கிலம் படிக்கும் காது கேளாதோரிடம் ஜில் மோர்ஃபோர்டும் உடன் ஆய்வாளர்களும் இதே மாதிரி ஜோடிச் சொற்களைக் கொடுத்தார்கள், 2011-ல் வெளியானது. 'மூவி', 'பேப்பர்' என்ற இரண்டு ஆங்கிலச் சொல்லுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அவர்கள் சைகை மொழியில் இரண்டுக்கும் கை அசைவு ரொம்பக் கிட்டத்தட்ட இருக்கும். அந்த ஜோடிக்குத் 'தொடர்பில்லை' என்று சொல்ல அவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. ஒரு மொழி கையில், ஒரு மொழி தாளில். அப்படியும் ஒன்று எழுந்தால் மற்றது எழுகிறது.

இத்தனையும் சேர்ந்து எழுந்தால் நாம் எப்படிக் குழம்பாமல் பேசிக்கொண்டிருக்கிறோம்? ஒன்று, இதெல்லாம் நொடியின் சின்னச் சின்னப் பகுதிகளில் முடிந்துவிடுகிற சமாச்சாரம். இன்னொன்று, ஒலியின் நுணுக்கங்கள் கைகொடுக்கின்றன. உள்ளங்கையை வாய்க்கு நேராக வைத்து 'பல்' என்று சொல்லிப் பாருங்கள், காற்று அவ்வளவாகப் படாது. லண்டன்காரர் பேனாவுக்கு 'பென்' என்று சொன்னால் தொடக்கத்திலேயே ஒரு மூச்சு 'ஃப்' என்று வந்து அடிக்கும். ஸ்பானிஷ் ப-வும் நம் ப போல மூச்சில்லாததுதான். ஜூ, லூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2004-ல் இதை வைத்து விளையாடினார்கள். ஸ்பானிஷில் 'ப்ளாயா' என்றால் கடற்கரை. அதைச் சாதாரணமாகக் கேட்டபோது இருமொழியாளர்கள் கண் கட்டிங் பிளையர் படத்துக்குப் போகவில்லை. அதே சொல்லில் ப-வை மட்டும் ஆங்கில மூச்சோடு ஒலிக்கும்படி திருத்திப் போட்டபோது பிளையர் பக்கம் கண் ஓடியது. ஆக, கதவில் காவலாளி இல்லாவிட்டாலும் காது வாசனை பிடித்துவிடுகிறது.

நம்மூர் ஆங்கிலத்தில் அந்த மூச்சை நாம் விடுவதில்லை. தமிழ் ப எப்படியோ அப்படியேதான் நம் ஆங்கிலப் ப-வும். எனவே அந்தத் துப்பு நமக்குள் பேசிக்கொள்ளும்போது அவ்வளவாக உதவாது என்பது என் ஊகம். 'கரண்' வரைக்கும் கரண்டிக்கும் கரண்டுக்கும் வித்தியாசம் தெரிய அந்தப் பையனுக்கு வழியே இல்லை.

கேட்பதும் படிப்பதும் இப்படி. பேசுவது இன்னொரு தலைவலி, ஏனென்றால் அங்கே ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை அடக்கியாக வேண்டும். மியூட்டர், ஆல்போர்ட் இருவரும் 1999-ல் எண்களைக் காட்டி, பின்னணி நிறத்தைப் பொறுத்து மொழியை மாற்றி மாற்றிச் சொல்லச் சொன்னார்கள். மொழி மாறும்போது தாமதம் ஆனதில் அதிசயம் இல்லை. ஆனால் பலவீனமான மொழியிலிருந்து பழகிய மொழிக்குத் திரும்பும்போதுதான் தாமதம் அதிகம். பழகிய மொழி முரட்டு மாடு. அதைக் கட்டிவைக்கப் பலமான கயிறு போட வேண்டும், அவிழ்க்கவும் அவ்வளவு நேரம் ஆகிறது என்பது அவர்கள் தந்த விளக்கத்தின் சாரம். நம்மில் பலருக்கு எண்களில் பழகிய மொழி எது என்பதே கேள்வி. போன் நம்பரை "தொண்ணூத்தெட்டு நாப்பது" என்று யாராவது தமிழில் சொன்னால் எழுதிக்கொள்ள நான் இரண்டு முறை கேட்கிறேன்.

நாக்கு நுனியில் நின்று வராத சொற்களும் இருமொழியாளர்களுக்குக் கொஞ்சம் அதிகம். டமார் கோலன் என்ற ஆய்வாளரின் விளக்கம் எளிமையானது: நாளின் பேச்சை இரண்டு மொழிக்குப் பங்கு போடுகிறோம், அதனால் ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு சொல்லும் புழங்குவது குறைகிறது. மறுபடியும் அந்தக் கருவேலம்பட்டைதான். இரண்டு மொழி தெரிந்தால் மூளை கூர்மையாகும் என்று வரும் செய்திகளைப் பற்றிக் கேட்காதீர்கள். ஆய்வாளர்களே இரண்டு கட்சியாக நிற்கும் விவகாரம் அது.

இந்தக் கட்டுரையை எழுதும் சாக்கில் வீட்டில் ஒரு விளையாட்டு நடத்தினேன். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-ல் வெளியிட்ட பழைய சோதனைதான், இரண்டு மொழிக்கு விரித்துச் செய்தது. சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு அட்டையில் 'பச்சை' என்று தமிழில் எழுதினேன், இன்னொன்றில் அதே சிவப்பில் 'க்ரீன்' என்று ஆங்கில எழுத்தில். இப்படி நீலம், மஞ்சள் என்று பத்துப் பன்னிரண்டு அட்டை. எழுதியிருப்பதைப் படிக்காமல், மையின் நிறத்தைத் தமிழில் சொல்ல வேண்டும். பையன் தமிழ் அட்டைகளில் நன்றாகவே திணறினான். ஆங்கில அட்டைகளிலும் திணறினான், கொஞ்சம் குறைவாக. சொல்ல வேண்டியது தமிழில், எழுதியிருப்பது ஆங்கிலத்தில், இருந்தும் அந்த 'க்ரீன்' அவனை விடவில்லை.

அடுத்து அம்மா. அவர் தமிழை மடமடவென்று படிப்பார், ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான். தமிழ் அட்டை வந்ததும் "பச்... அட, சிவப்பு" என்று சிரித்துவிட்டார். ஆங்கில அட்டைகளை ஒவ்வொன்றாக நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைக்கூடச் சரிசெய்யவில்லை. "சிவப்பு. நீலம். சிவப்பு. மஞ்சள். இதுல என்னடி இருக்கு கஷ்டம்?"